காலாவதி தேதி

தோலிருக்கச் சுளை விழுங்குகிறவர்கள் உண்டு.
நெருப்புக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.
எலியோடோரோ கார்காமோவின் வலது முன்கையில்
அது தோலை விழுங்கிவிட்டுச்
சுளையை வைத்துவிட்டுப் போயிருந்தது.

தால்காவானோ துறைமுகத்துக்கு வெளியே
பதினோரு மீட்டர்ப் படகு.
விடியலில் தேநீருக்குப் பற்றவைத்த அடுப்பு.
சிலிண்டர் குழாயில் மயிரிழை விரிசல்.
இங்கே வருகிற பெரிய காயங்களுக்கெல்லாம்
காரணம் சிறியதாகத்தான் இருக்கிறது.

நான் நீல்டா.
கான்செப்சியோன் தீக்காயப் பிரிவில் இரவுப் பணி,
பதினாறு வருஷம்.

கருகியதைச் செதுக்கி எடுத்தபின்
ஒரு பெட்டியைப் பிரித்தோம்.
உள்ளே திரவத்தில் ஊறிக்கிடந்தது
கைக்குட்டை அகலத்தில் ஒரு தாள்:
கீழே நுண்துளைப் பஞ்சு,
மேலே கண்ணாடி போல் சிலிகோன் படலம்.
கையின் வளைவுக்குக் கத்தரித்து
ஓரமெல்லாம் ஸ்டேபிள் அடித்தோம்,
பரீட்சைத் தாள்களைச் சேர்ப்பதுபோல.

மூன்றாம் இரவு கேட்டான்:
"இது எதில் செய்தது?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றில்லை.
அன்றைக்குச் சோம்பலாக இருந்தது.
"மாட்டின் தசைநார். சுறாவின் குருத்தெலும்பு.
மேலே இருப்பது மணலிலிருந்து வருவது."

வெகுநேரம் கூரையைப் பார்த்தான்.
பசுத்தோல் போர்த்திய சுறாவா நான் என்று
கேட்கவில்லை. அது எனக்குள் ஓடிய நக்கல்.
அவன் கேட்டது:
"எந்தக் கடல் சுறா?"

பெட்டியில் அது எழுதியிருக்கவில்லை.
தொகுதி எண் இருந்தது,
காலாவதி தேதி இருந்தது.
ஒட்டுச்சீட்டு இரண்டு. ஒன்று கோப்புக்கு.
மற்றது எனக்கு என்றான்.

பிறகு காத்திருப்பு.
தாள் தோல் அல்ல, ஆளில்லாத வீடு.
அடியிலிருந்து ரத்தக்குழாய்கள்
ஒவ்வொன்றாகக் குடிவர வேண்டும்.
வந்தவை சுவரைத் தின்றபடியே
தம் சுவரைக் கட்டும்.
டார்ச் அடித்து நிறம் பார்ப்பேன்:
சிவப்பு, இளஞ்சிவப்பு,
பிறகு பீச் பழத்தின் உட்சதை.

முழங்கை மூலையில் மட்டும் நிறம் வரவில்லை.
கண்ணுக்கு முன் மூக்குக்குத் தெரிந்தது.
இரண்டு விரல் அகலம் வெட்டி எறிந்து
மறுபடி முதலிலிருந்து.
அந்த இரவு அவன் என்னைத் திட்டிய வார்த்தைகள்
துறைமுகத்தில்கூட நான் கேட்டதில்லை.

இருபத்தேழாம் நாள் சிலிகோன்
அவித்த முட்டையின் உட்தோலாக உரிந்து வந்தது.
தொடையில் மெலிதாய்ச் சீவிய சொந்தத் தோலை
எந்திரத்தில் கொடுத்தோம்.
மறுபக்கம் வலையாக வந்தது.
ஐந்தாம் நாள் கட்டுப் பிரித்தபோது
முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணிகளைப் பார்த்தான்.
"இவ்வளவு சிறு கண்ணியா?
மெர்லூசாக் குஞ்சுகூடத் தப்பாது.
உங்களுக்கு அபராதம் போடுவார்கள், சீமாட்டி."
வந்ததிலிருந்து அன்றுதான் சிரித்தான்.

நேற்று, ஜனவரி வெயிலில்,
சொல்லாமல் வந்து நின்றான்.
ஒட்டுச்சீட்டு படகின் சுக்கான் அறையில்
உரிமப் பத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதாம்.
அதில் போட்ட தேதி போன வாரம் முடிந்ததாம்.
கை அப்படியே இருக்கிறது என்று காட்டத்தான்
பேருந்து பிடித்து வந்திருக்கிறான்.

தொட்டுப் பார்த்தேன்.
கழுத்து, நெற்றி, இடது கை
எல்லாம் வேர்த்து வழிந்தன.
அந்த இடம் மட்டும்
உலர்ந்து, குளிர்ந்து,
ஏதோ ஆழத்திலிருந்து
அப்போதுதான் மேலே வந்ததுபோல.