எட்டரை பஸ்

தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்தில்
பாய் ஏற்றியபோது மணி ஏழு.
காற்று இருந்தது. நிறையவே இருந்தது.
கால்வாய்க்குள் திரும்பியதும்
அது தென்னைகளின் உச்சிக்கு ஏறிக்கொண்டது.
மேலே ஓலைகள் சடசடக்க
கீழே நாங்கள்
கழுக்கோல் ஊன்றினோம்.

முதல் பாலம்.
"பெனிற்றா, குனி!"
எஸ்தாக்கி மரத்தைச் சாய்க்கிறான்.
சுக்கானை இடுப்பால் அணைத்தபடி
நான் குனிகிறேன்.
பாலத்தின் வயிற்றில் வௌவால் வாடை,
உதிர்ந்த ஒரு தேர்தல் சின்னம்,
எவனோ தொங்கிக்கொண்டு எழுதிய
ஜெனிலா என்ற பெயர், தலைகீழாக.
நிமிர்த்துகிறோம்.
கூப்பிடு தூரத்தில் அடுத்த பாலம்.

நாலாவதுக்குப் பிறகு
நிமிர்த்துவதை விட்டுவிட்டோம்.

ஒரு வரிசை வீடுகளுக்கு அப்பால் கடல்
கல்லைப் புரட்டிக்கொண்டிருக்கிறது.
இங்கே ஆகாயத்தாமரை, தெர்மகோல்,
ஜோடி தேடும் ஒரு செருப்பு.
ஆழம் ஒரு முழம்.
பிறகு ஒரு சாண்.

இனயம் தாண்டி
அலுமினியச் சருவத்தில் சாளையோடு
கரையில் ஒருத்தி எங்களை முந்தினாள்.
"எங்க போறிய?"
"குளச்சல்."
"எட்டரைக்கு பஸ் உண்டல்லா?"
சேறு ஒட்டிய கையால்
எஸ்தாக்கி வாயைப் பொத்திச் சிரித்தான்.
அன்றைக்கு முழுக்க அவனுக்கு மண் மீசை.

மிடாலத்துக்குச் சற்று முன்னால்
கால்வாய் ஒரு வாழைத்தோட்டத்துக்குள் போய்
திரும்பி வரவில்லை.
தோட்டக்காரர் ததேயூஸ் குலைக்கு முட்டுக்கொடுத்தபடி
எங்கள் வரைபடத்தைப் பார்த்தார்.
"தண்ணி இதுவழி போவாது.
மழை பெஞ்சா அடுக்களை வழி போவும்."
பிறகு மகன்களைக் கூப்பிட்டார்.

சுவருக்கும் கிணற்றுக்கும் நடுவே திருப்ப
மரத்தை நிமிர்த்தவேண்டி வந்தது.
ஆறு பேர் தோளில் படகு.
தலைக்கு மேல் கம்பி இல்லாத இடமாகப் பார்த்து
ரோட்டைக் கடந்தோம்.

அங்கேதான்,
இரண்டு வீடுகளுக்கிடையே கடல் தெரிகிற அந்தச் சந்தில்,
கச்சான் வந்தது.
கட்டவிழ்ந்த பாய் பட்டென்று உப்பியது.
ஆறு ஜோடிக் கால்களும்
தாங்கள் நினைக்காத பக்கம் ஓடின.
"பிடி! பிடி!"
"எதையாக்கும் பிடிக்க?"
ததேயூஸின் இளையவன் ஒரு செருப்பை விட்டான்.

அன்று எங்கள் படகு
காற்றால் போனது அவ்வளவுதான்:
ஒரு தார்ரோட்டின் அகலம்.

பஸ் நின்றிருந்தது.
கண்டக்டர் விசிலை ஊதாமல் வாயில் வைத்திருந்தார்.
மூன்றாவது ஜன்னலில் அவள்,
மடியில் காலிச் சருவம்.
எங்களைப் பார்க்கவில்லை.
பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
பஸ் நகர்ந்த பிறகும்
கழுத்தைத் திருப்பி.