ஏழுக்கு ஒரு சுழி

குத்தாய்சி நகரக் கல்விக் கணக்கு அலுவலகத்தில்
மூன்றாம் மாடி, ஜன்னலோர மேசை என்னுடையது.
வரிசை எண் இருநூற்றுப் பன்னிரண்டை அடித்துவிடு என்று
மேலிடத்துக் குறிப்பு வந்திருந்தது.

மலைப்பள்ளி ஒன்று. ஆசிரியை ஒருவர். மாணவி ஒருத்தி.
விறகு ஏழு கன மீட்டர்.
ஒரு குழந்தைக்கு இவ்வளவா என்று
கணினி அந்தக் கட்டத்தைச் சிவப்பாக்கியிருந்தது.
எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.
பிள்ளை குட்டி இல்லாதவன் நான்.
யார் வீட்டுப் பிள்ளையின் நோட்டுக்கோ
இருபத்தாறு வருடமாக என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள்.

உத்தரவைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும்.
ஏப்ரலில் அங்கே தபால் போகாது.
கோச்சாவின் வண்டி போகும்,
அதுவும் பாலம்வரைக்கும். பிறகு நடை.

பள்ளிக்கூடத்தில் அடுப்பு மட்டும் இருந்தது.
அவர்கள் இருவரும் ஆற்றங்கரையில்.
எட்டு வயது லாமாரா, பனியில் முழங்கால் புதைய நின்று
கோடு போட்ட கம்பைப் படித்துக் கத்துகிறாள்:
"நூற்றுப் பதினேழு!"
"நேற்று?"
"நூற்று ஒன்பது!"
"அப்போ?"
விரலை மடக்கவில்லை. மலையைப் பார்த்தாள்.
"எட்டு ஏறியிருக்கு. மேலே உருக ஆரம்பிச்சிடுச்சு."
அதுதான் அன்றைய கணக்குப் பாடம்.

உள்ளே, சுவர் நெடுக எண்கள்.
தேதி, அளவு, தேதி, அளவு.
பத்தொன்பது வருடத்து ஆறு
சுண்ணாம்பின்மேல் பென்சிலில் ஓடிக்கொண்டிருந்தது.
பிள்ளைகள் மாற மாறக் கையெழுத்தும் மாறியிருக்கிறது,
ஏழு மட்டும் மாறவில்லை.
இடுப்பில் சின்னக் கோடு,
காலில் பின்பக்கமாக ஒரு சுழி.
ஒன்று என்று யாரும் ஏமாந்துவிடக் கூடாதாம்.
சியூரி டீச்சரின் பிடிவாதம்.

அந்தச் சுழியை நான் பார்த்திருக்கிறேன்.
ரயிலடி மருந்துக்கடையில்,
என் ரத்த அழுத்த மாத்திரை உறைமேல்
'காலை 7, பாதி மட்டும்' என்று
தலை நிமிராமல் எழுதித் தருகிறவளின் பேனாவில்.
இன்று காலையிலும்கூட:
கோச்சாவின் வண்டிக் கதவில்
பிரேக் மாற்றிய தேதி ஒட்டிய சீட்டில்.

இங்கே படித்தவர்கள்தானா அவர்கள்? தெரியாது.
கேட்கவும் இல்லை.
சுழி போடுகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர்.
ஆனாலும் ஏதோ ஓர் அறையில்,
முன்பின் தெரியாத யாரோ வாங்கிப் போட்ட விறகின் சூட்டில்,
விரல் விறைக்காமல் எழுதிப் பழகியிருக்கிறார்கள்.
அதில் ஒரு சுள்ளி என்னுடையதாக இருக்கலாம்.
தினம் காலையில் அதைத்தான்
பாதியாக உடைத்து விழுங்குகிறேனோ என்னவோ.

எங்கள் தாளில் செலவுக்குப் பதினொரு பத்தி.
வரவுக்கு ஒன்றுகூடக் கிடையாது.
இருந்தால்தான் எதை எழுதுவது?
வளைவில் பிடித்த பிரேக்கையா?
நடக்காத விபத்துக்கு யார் ரசீது தருவார்கள்?

"கையெழுத்துப் போடணுமா?" என்றார் சியூரி.
உத்தரவு கோட்டுப் பையில் ஈரமாகிக் கிடந்தது.
அடுப்பில் போட்டேன் என்று எழுத ஆசைதான்.
போடவில்லை. வேலை போய்விடும்.
"தேதி தப்பாக இருக்கிறது, திருத்தி அனுப்புகிறேன்" என்றேன்.
பொய். ஒரு குளிர்காலம் தாங்கும் பொய்.

திங்கட்கிழமை, இருநூற்றுப் பன்னிரண்டாம் வரிசையில்
விறகு என்ற இடத்தில் கையாலேயே எழுதினேன்.
இடுப்பில் கோடு. காலில் சுழி.
முதல் தடவை சுழி சரியாக வரவில்லை,
அழித்து மறுபடி போட்டேன்.

"என்ன எண் இது, வால் முளைத்து?"
கண்ணாடியை இறக்கினார் மேலதிகாரி.
"ஏழு" என்றேன்.
"ஒன்று என்று யாரும் ஏமாந்துவிடக் கூடாது, பாருங்கள்."