மூன்று டப்பா வெளிச்சம்

நவம்பர் முழுக்க சலவை இயந்திரத்தின் மேல்
சால்டரிங் புகை.
என் சாப்பாட்டு டப்பாக்கள் மூன்று
சிலிகான் பூசி விளக்குகளாயின.

சிவப்போடு பச்சை சேர்ந்தால் மஞ்சளாம்.
சேறுதான் வரும் என்றேன்,
வேலிக்கு வர்ணம் குழைத்தவள் நான்.
கராஜ் கதவில் மஞ்சள் வந்தது.
லைல் ஒன்றும் சொல்லவில்லை,
மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு
மூன்றையும் முழுதாக ஏற்றினார்.
வெள்ளை.
ஏழு வார உழைப்பு,
மினசோட்டா பனியில்
ஏற்கெனவே கிடந்த நிறம்.

சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.
பனி தள்ளும் வண்டியை நிறுத்திவிட்டு
காபிக்கு வந்த டுவெய்ன்
குறுக்கே நின்றான்.

கதவில் மூன்று டுவெய்ன்கள்:
மஞ்சளாய், நீலப்பச்சையாய்,
ஊறவைத்த பீட்ரூட்டாய்.
மெல்லக் கையைத் தூக்கினான்.
மூன்று பேரும் தூக்கினார்கள்.

தெருவில் வண்டி
உறுமிக்கொண்டே இருந்தது.