ஊர்வாய்

எழுபத்தோராவது நிமிடத்தில் பலகை உயர்ந்தது.
சிவப்பில் பதினொன்று, பச்சையில் நான்கு.
தெல்மோவா? தெல்மோவையா?
பக்கத்து இருக்கையில் ரெமெதியோஸ்
பாதி உரித்த ஆரஞ்சைக் கையிலேயே பிழிந்துவிட்டாள்.

ஒன்றுக்குப் பூஜ்யம், நாங்கள் முன்னால்.
வலது ஓரத்தில் அந்தப் பையன்
எதிரணித் தடுப்பாளனை ஈரத் தரையில்
துடைப்பம்போல இழுத்துக்கொண்டிருந்தான்.
அவனை உட்காரவைத்துவிட்டு
பர்னபேயை இறக்குகிறார் எலாதியோ.
பர்னபே!
அவன் ஒரு தரம் திரும்புவதற்குள்
துறைமுகத்தில் ஓர் அலை வந்துவிட்டுப் போய்விடும்.

"இருப்பதைப் பொத்திப் பிடித்தால்
பொத்திய கைதான் மிஞ்சும்!"
மீன் ஏலம் விடும் செஃபெரீனோ
அதே ஏலக்குரலில் கத்தினார்.
எண்பத்தெட்டில் கோல் விழுந்தது.
பிறகு மழையும்.

ஆப்பிள் மதுக்கடையில் மறு ஆட்டம்.
பச்சைப் புட்டிகள் நாங்கள், ஆலிவ் காய்கள் அவர்கள்,
உப்புக்குடுவை கோல்கீப்பர்.
தெல்மோ இருந்திருந்தால் இங்கே, இந்த இடைவெளியில்,
என்று செஃபெரீனோ ஒரு புட்டியை நகர்த்த,
எதிரணியின் நடுக்களத்தை
யோசனையில்லாமல் தின்றுவிட்டான் சிகு.
இரவு ஷிப்ட் எனக்கு. தண்ணீர்தான் குடித்தேன்,
ஆனாலும் எல்லோரையும்விட உரக்கப் பேசினேன்.

இடைவேளையில் அந்த மனிதர்
ஒரு வார்த்தை ஊக்கமாகச் சொல்லவில்லையாம்.
வெறும் பலகையைத்
துடைத்துக்கொண்டே இருந்தாராம்.
துணி துவைக்கிற அமாலியோ சொன்னான்,
அவன் சொன்னால் அது சாட்சி.

மலைச்சரிவில் இருந்த உருக்காலையின் உலைவாயை
ஒரே கையெழுத்தில் மூடிவிட்டார்கள்.
ஊர்வாய்க்கு இன்னும் மூடி வரவில்லை.
எழுநூறு பேர் வேலையிழந்தபோது
யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை எங்களுக்கு.
இவரிடம் கேட்கலாம்.
தொண்ணூறு நிமிடமும் கண்ணெதிரே நிற்கிறார்.

பதினான்காம் எண் பேருந்தின் கடைசி நடை.
நான் ஓட்டுகிறேன், பின்னால் அதே கூட்டம்,
அதே ஆலிவ் வாசனை.
மீன் சந்தை நிறுத்தத்தில்
குடையில்லாமல் ஏறினார் எலாதியோ.
அவர் காரை யாரோ ஆணியால் கீறி மூன்று வாரமாகிறது.
சிகு குனிந்து செருப்பைப் பார்த்தான்.

சில்லறை சரியாக எண்ணி வைத்தார்.
நான் மனப்பாடமாக வைத்திருந்த கேள்விகள் பதினேழு.
கேட்டது ஒன்றுதான்:
"எங்கே இறங்கணும்?"
"பழைய சுங்கச்சாவடி."

இரண்டு நிறுத்தம்வரை வைப்பர் மட்டும் பேசியது.
பிறகு செஃபெரீனோ, ஏலக்குரல் இல்லாமல்:
"ஏன் தெல்மோ?"

தொடையில் பிடிப்பு என்பார்,
எதிரணி ஆட்டத்தை மாற்றியது என்பார்,
எல்லாவற்றுக்கும் எங்களிடம் புட்டி இருந்தது நகர்த்த.
அவர் சொன்னார்:
"பயந்துட்டேன்."

அதை எங்கே வைப்பதென்று
ஒருவருக்கும் தெரியவில்லை.
கண்ணாடியில் பார்த்தேன்.
ரெமெதியோஸ் கையை முகர்ந்துகொண்டிருந்தாள்,
ஆரஞ்சு இன்னும் போகவில்லைபோல.

"நானாயிருந்தால்..." என்று தொடங்கினான் சிகு,
அவ்வளவுதான், மடை உடைந்தது.
நடுவில் மூன்று பேர், இல்லை நான்கு,
பர்னபேயைக் கப்பலேற்று,
ஆவி படிந்த ஜன்னலில்
விரல்கள் அம்புக்குறி போட்டன, அழித்தன.
எலாதியோவும் ஒரு வட்டம் வரைந்தார்.
"இது தப்பு" என்று அதன்மேல் உள்ளங்கையைத் தேய்த்தார் செஃபெரீனோ.

பழைய சுங்கச்சாவடி வந்தது.
யாரும் மணி அடிக்கவில்லை.
எனக்குத் தெரியும், நான்தானே ஓட்டுநர்.
வேகத்தைக் குறைக்கவில்லை.

இருந்தாலும் ஞாயிறன்று தோற்றால்
காலரியில் அசைக்க
வெள்ளைக் கைக்குட்டை என்னிடமும் இருக்கிறது.
இஸ்திரி போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.