மாதிரி எண் 4113

தாலின் நகரில் அன்று மழையா பனியா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று.
அரங்கெல்லாம் ஈரக் கோட்டுகளின் வாடை.
"துருவை வென்றவர்" என்று தொடங்கியது பாராட்டுரை.
உர்வே என் காதருகே,
"வெல்லவில்லை. கொஞ்சம் காக்க வைத்தேன்."

கப்பலின் அடிவயிற்றில் பூசும் அந்தச் சாம்பல் பூச்சுக்கு
முப்பத்தோரு வருடம்.
உப்பு மூட்டத்தில் கிடந்து
கொப்புளித்து, செதிலுதிர்ந்து, பொத்தல் விழுந்து
எங்களைப் பார்த்துச் சிரித்தவை
நாலாயிரத்து நூற்றுப் பதினோரு தகடுகள்.
அடுத்தது சிரிக்கவில்லை.
பாராட்டுரைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

பதக்கம் கழுத்தில் விழுந்தது.
கைதட்டல் ஓயுமுன்
விளிம்பை நகத்தால் சுரண்டினாள்.
அமைச்சர் பார்த்துவிட்டார்.
"பித்தளை. முலாம் இரண்டு மைக்ரான்கூட இராது"
என்றதை ஒலிவாங்கி அப்படியே ஊருக்குச் சொன்னது.
யாரும் சிரிக்கவில்லை,
பின்வரிசையில் ஹெய்கி தொடங்கும்வரை.
அத்தனை தகடுகளையும் தேய்த்துக் கொடுத்தே
வலத்தோள் போனவன் அவன்.
மேடையில் அவன் பெயரை உர்வேதான் சொன்னாள், இரண்டு முறை.

திங்கள் காலை ஆய்வுக்கூடத்தைத் திறக்கிறேன்:
மூட்டப் பெட்டிக்குள்
நைலான் நூலில் தொங்குகிறது பதக்கம்.
பதிவேட்டில் அவள் கையெழுத்து:
மாதிரி எண் 4113. நம் பூச்சு இல்லாமல்.

ஒன்பதாம் நாள் பச்சை பிடித்தது,
முகப்பில் அல்ல, விளிம்பில் அல்ல,
அவள் பெயரைப் பொறித்த பள்ளத்தில்.

"பார்த்தாயா, எழுத்துக்குள்தான் உப்பு தங்குகிறது"
என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.
நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.