வீடில்லாத நகர்

எங்கள் ஊரைப் பற்றி ஒரு கிண்டல் உண்டு.
தண்ணீர் இல்லாத ஆறு,
மரம் இல்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை,
சாமி இல்லாத கோயில் என்று நீளும்.
சாமி திரும்பி வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது,
கிண்டல் மட்டும் காலி பண்ணவில்லை.
என் பங்குக்கு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்:
வீடு இல்லாத நகர்.

காட்பாடி தாண்டி, பிரம்மபுரம் போகிற வழியில்.
வளைவு உண்டு. வளைவில்
பாதி உதிர்ந்த பெயர் உண்டு.
முப்பதடி தார் ரோடு, மஞ்சள் பூசிய கற்கள்,
நூற்றுப் பன்னிரண்டு மனைகள்.
குடிவந்தது ஆடுகளும் நானும்தான்.

மூன்றிலிருந்து நாலரை வரை
ஊர் சாப்பிட்டு முடித்திருக்கும்.
சோற்றுப் பையைக் கழற்றி
நாற்பத்து மூன்றாம் நம்பர் கல்லில் மாட்டிவிட்டு
வீலிங் பழகுவேன்.

சமீவுல்லா கஸ்பாவில் பங்க்சர் போடுகிறவன்.
அவனுக்கும் வீலிங் வராது,
ஆனால் கல்லில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்வான்:
"இன்னாடா, வண்டியத் தூக்குடான்னா
நீ எழுந்து நிக்கிற?"

முதல் கியர். இருபதில் நிறுத்து.
இரண்டு விரலால் கிளட்சைக் கவ்வி,
முறுக்கி,
விடு.
முதல் வாரம் முன்சக்கரம் ஒரு சாண் எழும்பி
தும்மிவிட்டு இறங்கியது.
இரண்டாம் வாரம் நான் ரோட்டில் உட்கார்ந்திருந்தேன்.
வண்டி என்னை விட்டுப் போய்
ஐம்பத்தோராம் மனையில் படுத்துக்கொண்டது,
பத்திரம் முடித்தவன் மாதிரி.
நம்பர் பிளேட் தேய்ந்து எட்டு மூன்றாகிவிட்டது.
முழங்கையில் தார் ஒட்டிக்கொண்டது.
பதினோரு தவணை அப்படியே பாக்கி.

தூக்குவதில் ஒன்றும் இல்லை.
ஆத்திரம் இருந்தால் போதும், எவன் வண்டியும் தூக்கும்.
வித்தையெல்லாம் வலது பாதத்தில்:
பின் பிரேக்கின் மேல்
தொட்டும் தொடாமலும்,
தூங்குகிற பிள்ளை பக்கத்தில்
கட்டிலில் உட்காருகிற மாதிரி.

ஐந்தாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை.
சமீவுல்லா வரவில்லை, லாரி டயர் ஒன்று மாட்டிக்கொண்டது.
போனைக் கல்லில் சாய்த்து வீடியோ ஓடவிட்டேன்.

ஓர் இடம் இருக்கிறது.
அங்கே முறுக்கவும் வேண்டாம், மிதிக்கவும் வேண்டாம்.
ரோடு தெரியாது.
ஹெட்லைட்டுக்கு மேலே மலை மட்டும்.
அதில் மரம் இல்லை என்பதை
அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன்.
ஒவ்வொரு பாறையும் தனித்தனியாக இருந்தது.
முன்சக்கரம் எதையும் தொடாமல்
பழக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.
ஒன்று, இரண்டு என்று எண்ணினேன்,
வாய்விட்டு, ஹெல்மெட்டுக்குள்.
ஏழில் பிரேக்கைத் தொட்டேன்.
ரோடு திரும்ப வந்தது.

ஓடிப்போய்ப் போனை எடுத்தால்
நான் வண்டி பக்கம் நடக்கிறேன்,
ஸ்டாண்டைத் தட்டுகிறேன்,
அதோடு சரி.
நூற்றுப் பன்னிரண்டு காலி மனைகளுக்கு நடுவில்
திரையில் எழுதியிருந்தது:
சேமிக்க இடம் இல்லை.

ஆடு ஒன்று பார்த்திருக்கலாம்.
கேட்கலாமா என்று யோசிக்கும்போதே
ஆர்டர் அடித்தது.

இரண்டு தயிர்சாதம், ஒரு இடியாப்பம்,
ஆஸ்பத்திரிக்குப் பின்சந்து லாட்ஜ், மூன்றாம் மாடி.
லிஃப்ட் ஓடவில்லை.
கதவைத் திறந்த வங்காளத்து அம்மாள்
பார்சலைப் பார்க்காமல் என் முழங்கையைப் பார்த்து
"கிர் கயா?" என்றாள்.
"நஹீ" என்றேன்.
என் ஹிந்தியில் பாதி அது.
உள்ளே யாரோ இருமினார்கள்.
கட்டில்மேல் எக்ஸ்ரே உறை, அதன்மேல் ஒரு ஆரஞ்சு.

நாலு இலக்கம் சொல்ல வேண்டும்.
டோக்கன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு
எண்களைத் தமிழில் கற்றிருந்தாள்.
விரல் மடக்கி நிதானமாகச் சொன்னாள்:
ரெண்டு. நாலு. ஒண்ணு.
கடைசியாக "ஏலு".

"ஏழு" என்றேன்,
தேவைக்கு மேல் சத்தமாக.