ஏழாவது கட்டம்

போன மாசம் வரை சொத்து வரி கேட்டு வந்தவள் நான்.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் தாண்டினால்
என் ஸ்கூட்டர் சத்தத்துக்கே
நாலு கதவு சாத்திக்கொள்ளும்.
இன்று எல்லாம் திறந்து கிடக்கின்றன,
வீடு காயட்டும் என்று.
சுவரில் என் தோள் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு.
வீடு மாறினாலும் கோடு மாறாமல்
தெருக்கோடி வரை போகிறது.
அதற்குக் கீழே உள்ளதைத்தான்
கணக்கெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

படிவத்தில் பதினோரு கட்டங்கள்.
பெயர், கார்டு எண், கூரை ஓடா ஷீட்டா.
ஏழாவது: சேதத்தின் காரணம்.
காற்று என்று எழுதலாம். வெள்ளம் என்று எழுதலாம்.
வேறு எதை எழுதினாலும்
ஏதோ ஒரு மேசையில் சிவப்பு மை சுழித்துவிடும்.

காலையில் ஆபீசில் ஐயா சொன்னார்,
டீயை ஆற்றிக்கொண்டே:
மூணு நாள் முன்னாடியே மைக் வச்சுச் சொன்னோம்.
சாமானைப் பரண்மேல் ஏத்த ஆள் அனுப்பணுமா?
எல்லாத்துக்கும் சர்க்கார் கை நீட்டினா
அவனவனுக்குக் கை எதுக்கு?
தலையாட்டினேன்.
புயலுக்கு முந்தின ராத்திரியே
ஸ்கூட்டரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தியவள் நான்.
முன்யோசனைக்காரி.

அந்தப் பேச்சை அப்படியே
பில்கிஸ் வீட்டில் இறக்கி வைத்தேன்.
தையல் மெஷினுக்குள் போன சேற்றை
ஊக்கால் நோண்டிக்கொண்டிருந்தாள்.
நிமிரவில்லை.
"பரண் மேலதான் வெச்சேன். பரணும் நனைஞ்சிது.
கால்வாய யாரு தூர் வாரணும், நானா?
சொம்பு கீது. வாரட்டுமா?"

அடுத்த வீட்டுப் பாலசுந்தரம்
வாஷிங் மெஷின் போச்சு, எழுதிக்கோ என்றான்.
வரிக்காக அந்த வீட்டை அளந்தவள் நான்.
எட்டுக்குப் பத்து.
அவன் முகத்தைப் பார்த்தேன். அவனும் பார்த்தான்.
"டி.வி.ன்னாவது போடு."
போடவில்லை.
அவன் மகளின் பாடப்புத்தகங்கள்
க்ளிப் மாட்டிக் கொடியில் தொங்கின.
அதற்குக் கட்டம் இல்லை.

கடைசி வீடு தணிகாசலம்.
வாசலில் கதவுக்குப் பதில் புடவை ஆடியது.
"கதவு காத்துல போச்சா?"
"இல்ல. நான்தான் கயட்னேன்."

ராத்திரி இடுப்பளவு தண்ணீரில் கழற்றியிருக்கிறான்.
நாலு நீல டிரம், கேபிள் ஒயர்,
மேலே கதவு.
முதல் நடை நிறைமாசக்காரி ஸ்டெல்லா.
பிறகு டயாலிசிஸுக்குப் போகவேண்டிய மாணிக்கம்.
பாலசுந்தரத்தின் மகள், தலையில் பையோடு.
ரெண்டு ஆடு.
ஆட்டைக் கழித்து முப்பத்தேழு பேர்.
போட் நாலாம் நாள் வந்ததாம்,
கேமராவை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு.

"தானே கழற்றியதுன்னா பணம் வராதுப்பா.
காற்றுன்னு போட்டுடறேன்."
"காத்து மேல ஏம்மா பழி போட்ற?
அது ஒண்ணும் பண்லியே."
"அப்போ பணம் வேணாமா?"
"யாரு வேணான்னா?
எனுக்குக் கதவு வேணும்.
தெருவுல கால்வாய உட்டது யாரோ,
அவன் குடுக்கட்டும்."

கதவு கால்வாய்ச் சுவரில் சாய்ந்து கிடந்தது.
ஹார்பரில் உடைத்த பெட்டிப் பலகை.
இந்தப் பக்கம் மேலே என்று காட்டும் அம்புக்குறி
இன்னும் அழியாமல்
தரையைப் பார்த்திருந்தது.
"கதவு நல்லாத்தான் கீது.
ஊறிப் பெருத்துட்ச்சு.
சட்டத்துலதான் சேரமாட்டேன்னுது."

வரி அளக்கும் டேப்பை இழுத்துப் பார்த்தேன்.
ரெண்டு விரற்கடை அதிகம்.

ஏழாவது கட்டத்தில் எழுதினேன்:
முப்பத்தேழு பேர்.

திரும்புகையில் கேட் மூடியிருந்தது.
சரக்கு ரயில்,
எத்தனை பெட்டி என்று எண்ணி நடுவில் விட்டுவிட்டேன்.
பையிலிருந்து படிவத்தை எடுத்துப் பார்த்தேன்.
இதற்கு அவனுக்கு ஒரு ரூபாய் வருமா, தெரியாது.
கையில் பேனா இருந்தது.
அந்தக் கட்டத்தில்
காற்று என்று எழுத
இன்னும் கொஞ்சம் இடமும் இருந்தது.